பன்னிரண்டு சாண் குடில்

இலங்கையின் தென்கரையில் காலிக்கும் ஹிக்கடுவைக்கும் இடையே தொடந்துவ என்றொரு கடலோர ஊர். அதை ஒட்டிக் கிடக்கிறது ரத்கம களப்பு. களப்பின் நடுவே பொல்கஸ்துவ என்ற சின்னத் தீவு. ஆள் அரவமில்லாமல் காடு மூடிக் கிடந்த அந்தத் தீவில், 1911 ஜூலை 9ஆம் தேதி, ஞானதிலோகர் என்ற ஜெர்மானிய பிக்குவும் அவருடைய தோழர்களும் குடியேறினார்கள். பாம்புகள் மிகுந்த இடம் என்று பெயர் பெற்றிருந்த தீவு அது. மழைக்காலத் தங்கல் தொடங்குவதற்குள் எளிய மரக்குடில்கள் ஐந்து எழுந்தன.

தென்னையும் கண்டலும் சூழ்ந்த நீர்க்கரையில், ஒரு கட்டிலும் ஒரு பாயும் மட்டுமே உள்ள குடிலில் தனியே சில நாள் இருந்து வரவேண்டும் என்ற ஆசை இன்று பலருக்கும் இருக்கிறது. அந்த ஆசைக்கு விலை வைத்து விற்கும் விடுதிகளும் உலகின் வெப்பக் கடற்கரைகளில் ஏராளம். ஆனால் இந்தக் குடில் எங்கிருந்து வந்தது? ஏன் இவ்வளவு சிறியது? உள்ளே இருப்பவருக்குச் சோறு போடுவது யார்? இவற்றுக்கு விடை தேடிப் போனால் ஏறக்குறைய 2,500 ஆண்டுகளுக்கு முந்திய மகத நாட்டில் போய் நிற்போம். தியானம்தான் குடிலைப் பெற்றிருக்கும் என்று நினைக்கத் தோன்றும். பௌத்தத் துறவிகளின் ஒழுக்க நூலான வினயத்தைப் படித்தால் வேறு இரண்டு காரணங்கள் முன்னால் வந்து நிற்கின்றன. ஒன்று மழை, மற்றொன்று ஊராரின் புகார்.

தொடக்கத்தில் பிக்குகளுக்குத் தங்குமிடம் என்று ஒன்று கிடையாது. மரத்தடி, மலைச்சரிவு, குகை, சுடுகாடு, வைக்கோற்போர் என்று கிடைத்த இடத்தில் இரவைக் கழித்தார்கள். விடிந்தால் நடந்தார்கள். மழைக்காலத்திலும் அப்படியே நடந்தார்கள். மக்களுக்கு அது பொறுக்கவில்லை. மற்றச் சமயத் துறவிகள் மழை வந்தால் ஓரிடத்தில் அடங்குகிறார்கள், பறவைகள்கூட மர உச்சியில் கூடு கட்டிக்கொண்டு ஒடுங்குகின்றன, இவர்கள் மட்டும் பசும்புல்லை மிதித்துச் சிற்றுயிர்களை நசுக்கிக்கொண்டு திரிகிறார்களே என்று குறை சொன்னார்கள். புத்தர் அந்தக் குறையை ஏற்றார். மழைக்காலத்தில் 3 மாதம் ஓரிடத்தில் தங்க வேண்டும் என்ற விதி அப்படித்தான் பிறந்தது.

குடியிருப்புக்கு அனுமதி வந்த கதை மகத நாட்டின் ராஜகிருக நகரில் நடக்கிறது. காட்டிலிருந்தும் குகைகளிலிருந்தும் அதிகாலையில் பிக்குகள் இறங்கி வருவதை அந்நகரத்து வணிகர் ஒருவர் பார்க்கிறார். உங்களுக்கு இருப்பிடம் கட்டித் தரலாமா என்று கேட்கிறார். புத்தரின் அனுமதி கிடைத்ததும் ஒரே நாளில் 60 குடியிருப்புகளைக் கட்டி முடிக்கிறார் என்கிறது வினயம். எண்ணிக்கையை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு அடுத்து நடப்பது. இவற்றை என்ன செய்வது என்று அவர் கேட்க, நாற்றிசையிலிருந்தும் வந்திருக்கிற, இனி வரப்போகிற சங்கத்தாருக்குக் கொடுத்துவிடு என்கிறார் புத்தர். கட்டியவருக்கும் சொந்தமில்லை, படுத்திருப்பவருக்கும் சொந்தமில்லை. இன்னும் வந்து சேராத ஒருவருக்கும் அதில் பங்கு உண்டு.

எல்லாருக்கும் இந்த ஏற்பாடு போதவில்லை. தனிய என்ற பிக்கு குயவர் வீட்டுப் பிள்ளை. ராஜகிருகத்தை ஒட்டிய மலைச்சரிவில் புல்லால் ஒரு குடில் போட்டிருந்தார். அவர் பிச்சைக்குப் போன நேரத்தில் புல்லும் விறகும் பொறுக்க வந்தவர்கள் குடிலைப் பிரித்து எடுத்துக்கொண்டு போனார்கள். மறுபடி கட்டினார், மறுபடி பிரித்தார்கள். மூன்றாம் முறையும் அதே கதி. கைத்தொழில் தெரிந்த மனிதர் சும்மா இருப்பாரா? மண்ணைக் குழைத்து, முழுக்க மண்ணாலேயே ஒரு குடிலை எழுப்பி, புல்லும் விறகும் சாணமும் சேர்த்து, சூளையில் பானை சுடுவதுபோல் அதைச் சுட்டு எடுத்துவிட்டார். மழைக்குப் பின் தரையில் ஊரும் தம்பலப்பூச்சியின் செந்நிறத்தில் அது நின்றதாம். தட்டினால் மணிபோல் ஒலித்ததாம். இதைவிட அழகான குடில் பௌத்த நூல்களில் எனக்குத் தெரிந்து இல்லை.

புத்தர் மலையிலிருந்து இறங்கி வரும்போது அது கண்ணில் பட்டது. உடைத்துவிடச் சொன்னார். அதைச் சுட்ட நெருப்பில் எத்தனை உயிர்கள் வெந்திருக்கும் என்பது அவர் சொன்ன காரணம். தனிய அத்தோடு நிற்கவில்லை. அரசரின் மரக்கிடங்குக்குப் போய், அரசர் கொடுத்துவிட்டார் என்று காவலரிடம் சொல்லி, நகரத்தைச் செப்பனிடுவதற்கென்று வைத்திருந்த மரங்களை வெட்டி எடுத்து வந்து மரக்குடில் கட்டினார். விவகாரம் பிம்பிசார மன்னர் வரை போனது. களவு செய்த பிக்கு சங்கத்திலிருந்து நீங்குகிறார் என்ற மிகக் கடுமையான விதி இந்த ஒரு மரக்குடிலிலிருந்துதான் பிறந்தது. தனக்கென்று ஓர் இடம் வேண்டும் என்ற ஆசை, துறந்தவரையே எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போகும் என்பதை வினயத்தைத் தொகுத்தவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள்.

அளவு பிறந்தது ஆளவி என்ற ஊரில். அவ்வூர் பிக்குகள் தங்களுக்குத் தாங்களே குடில் கட்டிக்கொண்டார்கள். பொருள் கொடுக்கத் தனிப்பட்ட புரவலர் இல்லை. ஆகவே ஊரில் இறங்கிக் கேட்டார்கள்: ஆள் கொடு, மாடு கொடு, வண்டி கொடு, கோடரி கொடு, மண்வெட்டி கொடு, மூங்கில் கொடு, புல் கொடு. குடிலுக்கு அளவும் இல்லை, கேட்பதற்கு முடிவும் இல்லை. மக்கள் பிக்குகளைக் கண்டதும் வேறு வழியில் திரும்பினார்கள், கதவைச் சாத்தினார்கள், ஓடினார்கள். தூரத்தில் பசுவைப் பார்த்துக்கூட பிக்கு என்று எண்ணி ஓடினார்கள் என்று எழுதியிருக்கிறது. மகாகாசியபர் அந்த ஊருக்கு வந்து இந்த நிலையைக் கண்டு விசாரித்தார். விஷயம் புத்தரிடம் போனது.

அப்போது வந்த விதி இது. புரவலர் இல்லாமல், தானே பொருள் கேட்டு, தனக்கென்று கட்டும் குடில் உள்ளளவில் நீளம் 12 சாண், அகலம் 7 சாண் மட்டுமே இருக்கலாம். கட்டுவதற்கு முன் மற்ற பிக்குகளை அழைத்து வந்து இடத்தைக் காட்ட வேண்டும். அந்த இடத்தில் எறும்பு, கறையான், பாம்பு முதலியவை குடியிருக்கக் கூடாது. குடிலைச் சுற்றி வர வெளி விட வேண்டும். மீறினால் சங்கம் கூடி விசாரிக்க வேண்டிய பெரிய குற்றம். சாண் என்று சொல்லியிருப்பது புத்தரின் சாண். அதன் நீளத்தைப் பற்றி உரைகாரர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. 25 சென்டிமீட்டர் என்று கொள்ளும் கணக்கின்படி பார்த்தால் குடிலின் உள்ளளவு 3 மீட்டருக்கு 1.75 மீட்டர். ஒருவர் படுக்கலாம், உட்காரலாம், எழுந்து நிற்கலாம். தனிமைக் குடில் சிறியதாக இருப்பதற்கு எளிமை, அழகு என்றெல்லாம் இன்று காரணம் சொல்கிறோம். ஊரார் கதவைச் சாத்திக்கொண்டதுதான் உண்மையான காரணம். ஒருவருடைய தனிமைக்காக ஊர் எவ்வளவு சுமக்கலாம் என்பதற்கு வைத்த எல்லைதான் அந்த 12 சாண்.

அளவு தீர்ந்தது. இடம் எது என்ற கேள்விக்கு விரிவாகப் பதில் சொன்னவர் புத்தகோசர். காஞ்சிபுரத்தில் தங்கியிருந்ததைத் தம் உரை ஒன்றின் முடிவில் குறித்துவைத்த அந்தப் பேராசிரியர், 5ஆம் நூற்றாண்டில் அநுராதபுரத்து மகாவிகாரையில் இருந்து விசுத்திமக்கம் என்ற நூலை இயற்றினார். தியானத்துக்கு ஆகாத இருப்பிடங்களின் குறைகள் என்று 18 அதில் வருகின்றன. மிகப் பெரிய விகாரை ஆகாது, பலர் பல நோக்கத்தோடு கூடுவார்கள், வேலையை ஒருவர் மற்றவர் தலையில் தள்ளுவார். புதிய விகாரையும் ஆகாது, கட்டட வேலை ஓயாது. பாழடைந்ததும் ஆகாது, பழுது பார்த்தே பொழுது போகும். குளம் இருந்தால் தண்ணீருக்கு ஆள் வருவார்கள், துணிக்குச் சாயம் போட வருபவர்கள் பாத்திரம் கேட்பார்கள். கீரை இருந்தால் பறிக்க வருவார்கள். மாவும் பலாவும் காய்த்தால் பழம் கேட்டு வந்து, கொடுக்காவிட்டால் சண்டைக்கு நிற்பார்கள். நல்ல மரம் நின்றால் விறகுவெட்டி வருவான். வயல் பக்கத்தில் இருந்தால் விகாரைக்குள்ளேயே களம் அமைத்துப் போரடிப்பார்கள். பெயர் பெற்ற இடமாக இருந்தால் இவர் ஞானி என்று கூட்டம் கூடும்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த நூலின்மேல் மதிப்பு கூடுகிறது. மன ஒருமையின் மிக நுட்பமான நிலைகளைப் பேசப்போகிற நூல், அதற்கு முன் பலாப்பழச் சண்டையைப் பேசுகிறது. நல்ல இருப்பிடத்துக்கும் இலக்கணம் இருக்கிறது. ஊருக்கு அதிக தூரமும் கூடாது, மிக அருகிலும் கூடாது. போக வர வழி இருக்க வேண்டும். பகலில் நெரிசலும் இரவில் சத்தமும் குறைவாக இருக்க வேண்டும். ஈ, கொசு, காற்று, வெயில், ஊர்வனவற்றின் தொல்லை குறைவாக இருக்க வேண்டும். உணவும் மருந்தும் சிரமமில்லாமல் கிடைக்க வேண்டும். ஐயம் கேட்க, கற்ற மூத்தோர் இருக்க வேண்டும்.

இனி ஞானதிலோகர். 1878இல் ஜெர்மனியின் வீஸ்பாடனில் பிறந்த அன்டன் கூயெத் என்ற வயலின் கலைஞர்தான் பின்னாளில் அந்தப் பெயர் பெற்றார். பிராங்க்பர்ட்டிலும் பாரிஸிலும் இசை பயின்றவர். 1903இல் இலங்கை வழியாகப் பர்மா போய் ரங்கூனில் துறவு பூண்டார். ஐரோப்பாவில் ஒரு பிக்கு மடம் அமைக்க வேண்டும் என்பது அவருடைய கனவு. 1909ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் சுவிட்சர்லாந்தின் தெற்கே நோவாஜ்யோ என்ற ஊரருகே, மொண்டே லேமா மலையடிவாரத்துக் குடில் ஒன்றில் வாழ்ந்து பார்த்தார். மார்ச்சளி பிடித்தது, போதிய உணவில்லாமல் உடல் தளர்ந்தது. அரை ஆண்டில் அந்த இடத்தை விட்டார். வெயிலைத் தேடித் துனீசியாவுக்குப் போனார், அங்கே தங்க முடியவில்லை. லோசான் நகரில் பெர்ஜியே என்ற செல்வர் ஆதரித்தார். இத்தாலியிலும் இடம் தேடினார். 1911 ஏப்ரலில் மீண்டும் இலங்கைக்கே கப்பலேறினார்.

அவர் தோற்ற இடத்தில் நின்று பார்த்தால்தான் இந்தக் குடிலின் இயல்பு விளங்கும். பிக்குவுக்கு உடை மூன்று துணி. தானே சமைக்கக் கூடாது, நண்பகலுக்குப் பின் உண்ணக் கூடாது, பெற்ற சோற்றை மறுநாளுக்கு வைத்துக்கொள்ளக் கூடாது. ஆல்ப்ஸ் குளிரில் பிழைக்க வேண்டுமென்றால் கனத்த உடை, குவித்த விறகு, பனிக்காலம் முழுவதற்கும் சேர்த்த தானியம் எல்லாம் வேண்டும். சேர்க்காமல் இருப்பதற்கென்று பிறந்த குடில், சேர்த்தால்தான் உயிர் என்ற நாட்டில் எப்படி நிற்கும்? மெல்லிய சுவரும் ஒரு கூரையும் உயிரைக் காக்கப் போதுமான இடம் வேண்டும். தினமும் காலையில் வாசலில் நின்றால் ஒரு கரண்டி சோறு போடுகிற வீடுகள் பக்கத்தில் வேண்டும். குளிரில்லாத இலங்கையின் தென்கரையில், பிச்சைப் பாத்திரத்தைப் புரிந்துகொள்ள யாருக்கும் விளக்கம் தேவைப்படாத ஊர்களுக்கு நடுவில், இரண்டும் இருந்தன.

பொல்கஸ்துவவைப் புத்தகோசரின் பட்டியலோடு வைத்துப் பாருங்கள். சாலை இல்லை, வயல் இல்லை, நகரம் இல்லை. படகில்லாமல் யாரும் வர முடியாது. அதே சமயம் கரை கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அங்கே சோறு இருந்தது, வைத்தியம் இருந்தது. தங்குவதற்கான செலவைப் பெர்ஜியேயும் உள்ளூர் ஆதரவாளர்களும் ஏற்றுக்கொண்டார்கள். 1914இல் பெர்ஜியே தீவை அதன் பறங்கிய உரிமையாளரிடமிருந்து வாங்கிக் கொடுத்தார். முதல் ஆண்டின் செப்டம்பரிலேயே, பின்னாளில் திபெத்துப் பயணத்தால் உலகப் புகழ் பெற்ற அலெக்சாந்திரா டேவிட் நீல் பாலி மொழி கற்க வந்தார். அவர் தங்கியது கரையில், ஆசிரமத்தின் முதன்மை ஆதரவாளரான மரண விசாரணை அதிகாரியின் வீட்டில். பௌத்த மறுமலர்ச்சியாளர் அநகாரிக தர்மபாலர் தீவுக்கு வந்து பார்த்தார். 1914க்குள் மேற்கு நாட்டவர் பலர் அங்கே துறவு பூண்டார்கள்.

அந்த ஆண்டு போர் வந்தது. ஜெர்மானியர் என்ற ஒரே காரணத்துக்காகப் பிரிட்டிஷ் அரசு பிக்குகளைச் சில மாதம் தீவிலேயே காவலில் வைத்துவிட்டு, பிறகு தியத்தலாவை முகாமுக்கும் அங்கிருந்து ஆஸ்திரேலியாவுக்கும் அனுப்பியது. ஞானதிலோகர் 1916இல் விடுதலையாகிச் சீனா போனார், அங்கும் கைதானார். ஜெர்மனிக்கு அனுப்பப்பட்டார். இலங்கை திரும்ப அனுமதி கேட்டார், கிடைக்கவில்லை. ஜப்பானில் சில ஆண்டுகள் ஆசிரியராக இருந்தார். 1926இல்தான் மறுபடி பொல்கஸ்துவவில் கால் வைக்க முடிந்தது. அதற்குள் காடு குடில்களை விழுங்கியிருந்தது. மீண்டும் கட்டினார். இரண்டாம் உலகப் போரில் மறுபடியும் முகாம், முதலில் தியத்தலாவை, பிறகு இமயமலை அடிவாரத்து டேராடூன். 1946இல் திரும்பினார். தனிமையைத் தேடி வந்தவரின் வாழ்வில் எத்தனை ஆண்டுகள் முள்வேலிக்குள் கூட்டத்தோடு கழிந்தன என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

தீவின் கதையில் நான் மிகவும் போற்றுவது சாதியைப் பற்றிய ஒரு செயல். சிங்களச் சமூகம் தீண்டத்தகாதவர்களாக ஒதுக்கி வைத்திருந்தவர்கள் ரொடியர். கடுகண்ணாவைப் பகுதியில் அவர்களிடையே ஞானதிலோகர் பணி செய்தார். சிலரைத் தீவில் தங்கிப் படிக்க வைத்தார். ரொடியர் தலைவர் ஒருவரின் மகனுக்குத் துறவு கொடுத்து ஞானாலோகர் என்று பெயரிட்டார். இதற்காக அவரைக் குறை கூறியவர்கள் இருந்தார்கள். அவர் பின்வாங்கவில்லை. 1957 மே 28இல் ஞானதிலோகர் மறைந்தபின் தீவு ஆசிரமத்தின் தலைமைப் பொறுப்பு அந்த ஞானாலோகரிடம் வந்தது. நாற்றிசைச் சங்கத்துக்கு என்று ராஜகிருகத்தில் சொன்ன சொல்லுக்கு இதைவிட நேர்மையான செயல் விளக்கம் தென்கரையில் நடக்கவில்லை என்றே கருதுகிறேன்.

1949இல் லண்டனிலிருந்து இரண்டு நண்பர்கள் தீவுக்கு வந்து துறவு பூண்டார்கள். ஒருவர் ஞானமோலி. அவர் தம் துறவு வாழ்வின் பெரும்பகுதியை அந்தத் தீவிலேயே கழித்து, விசுத்திமக்கம் முழுவதையும் ஆங்கிலமாக்கினார். 1956இல் கொழும்பில் அது நூலாக வந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே ஞானதிலோகரின் ஜெர்மன் மொழிபெயர்ப்பு முழுமையாக வெளிவந்திருந்தது. தியானிக்கு எந்த இடம் ஆகும், ஆகாது என்று கணக்கெடுத்த நூலை, அந்தக் கணக்குக்குப் பொருந்திய ஒரே தீவைச் சேர்ந்த இருவர் இரண்டு ஐரோப்பிய மொழிகளுக்குக் கொண்டுபோனார்கள். மற்ற நண்பர் ஞானவீரர். அவருக்குத் தீவுத் தனிமையும் போதவில்லை. அம்பாந்தோட்டைப் பக்கம் பூந்தலை என்ற ஊரருகே காட்டில், செங்கல் சுவரும் ஓட்டுக் கூரையும் கொண்ட ஓர் அறைக் குடிலில் 1965இல் இறக்கும்வரை தனியே வாழ்ந்தார். அங்கும் அவருக்குச் சோறு வந்தது ஊரிலிருந்துதான்.

துறவியல்லாதவருக்கும் இலங்கையில் இந்தக் கதவு திறந்திருக்கிறது. கந்துபொட தியான நிலையம் 1956இல் தொடங்கியது. கண்டி மலைப்பகுதியில் தேயிலைத் தோட்டங்களுக்கு மேலே நிலம்பே தியான நிலையம் இருக்கிறது. அங்கே கொட்வின் சமரரத்ன என்ற இல்லறத்தார் 2000ஆம் ஆண்டில் மறையும்வரை எல்லாச் சமயத்தாருக்கும் தியானம் கற்றுத் தந்தார். ஓலைக் கூரையும் மூங்கில் கட்டிலும் வைத்துவிட்டு, கூடவே குளிர்சாதனமும் நீச்சல் குளமும் சேர்த்துத் தனிமை என்று விற்பதை நான் இந்தக் குடிலின் வாரிசாக ஏற்கமாட்டேன். ஆளவி மக்கள் கதவைச் சாத்தியதன் காரணம் அங்கே மறந்துபோயிருக்கிறது.

போகிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம். குடிலில் நுழைவதற்கு எழுதிய விதிகளைப் போலவே அதைவிட்டுக் கிளம்புவதற்கும் வினயம் விதி எழுதியிருக்கிறது. மரச் சாமான்களையும் மண் பாண்டங்களையும் எடுத்து வைக்க வேண்டும். கதவையும் சன்னலையும் சாத்த வேண்டும். பொறுப்பை இன்னொருவரிடம் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைக்க யாருமே இல்லையென்றால், நான்கு கற்களை வைத்து அவற்றின்மேல் கட்டிலை ஏற்றி, அதன்மேல் மற்றப் பொருள்களை அடுக்கிவிட்டுத்தான் புறப்பட வேண்டும். அடுத்து வருபவர் யாரென்று தெரியாது. அவருக்கும் சேர்த்துத்தான் அந்த இடம் கொடுக்கப்பட்டிருக்கிறது. எந்தக் குடிலில் தங்கினாலும் அப்படியே செய்துவிட்டு வாருங்கள்.